ராஜ்யம் வர ஜெபிக்கும்போது எதைக் கேட்கிறோம்?



மாதந்தோறும் உண்மையாய் நீங்கள் அனுப்பிவரும் காணிக்கைகளுக்காகவும், குடும்ப ஜெபத்திலும் சபை ஜெபக்கூட்டங்களிலும் எங்களை நினைவுகூருவதற்காகவும் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம். இந்த இதழில், நாம் எல்லோரும் தவறாமல் ஏறெடுக்கும் ஒரு ஜெபத்தைக் குறித்து உங்களோடு சேர்ந்து தியானிக்க விரும்புகிறோம்.

ஆண்டவர் தம்முடைய சீஷருக்குக் கற்றுக்கொடுத்த ஜெபத்தை மத்தேயு 6ஆம் அதிகாரத்திலும் லூக்கா 11ஆம் அதிகாரத்திலும் வாசிக்கிறோம். அதன் இரண்டாவது விண்ணப்பம், பிதாவின் ராஜ்யம் வரவேண்டும் என்பது. ஞாயிறு பள்ளியில் சேர்ந்த சில வாரங்களுக்குள் ஒரு குழந்தை இதை மனப்பாடம் செய்துவிடும். வயது சென்ற பாட்டிமார் மற்றதெல்லாம் மறந்த பின்பும் இதை மறப்பதில்லை. ஆனால் இதைச் சொல்லும்போது தேவனிடத்தில் நாம் எதைக் கேட்கிறோம்? கேட்டது கிடைத்தால் நம் வீட்டில், நம் சபையில் என்ன மாறும்?

ராஜ்யம் என்றால் ஆளுகை

ராஜ்யம் என்றதும் எல்லைக்கோடு, கோட்டை, கொடி ஆகியவையே நம் மனதில் தோன்றும். சுவிசேஷங்களில் இந்த இடத்தில் வரும் கிரேக்கச் சொல்லுக்கு ராஜா ஆளுகை செய்வது என்பதே முதன்மையான பொருள். 1995இல் வெளியான திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு இதே இடத்தில் ஆட்சி என்ற சொல்லைப் பயன்படுத்துவதும் இதனால்தான். ஆகவே, "ஆண்டவரே, நீர் வந்து ஆளுகை செய்யும்" என்றே நாம் வேண்டிக்கொள்கிறோம். இதற்கு அடுத்த விண்ணப்பம் அவருடைய சித்தம் பூமியிலே நடக்கவேண்டும் என்று கேட்பதையும் கவனியுங்கள். அவர் சித்தம் எங்கே செய்யப்படுகிறதோ, அங்கே அவர் ராஜாவாயிருக்கிறார்.

மார்ட்டின் லூத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் இந்த விண்ணப்பத்துக்கு எளிமையான ஒரு விளக்கம் தந்தார். நாம் ஜெபித்தாலும் ஜெபிக்காவிட்டாலும் தேவனுடைய ராஜ்யம் தானாக வரும். அது நம்மிடத்திலும் வரவேண்டும் என்றே நாம் ஜெபிக்கிறோம் என்பது அதன் கருத்து. இந்த விண்ணப்பம் நம்மைத் தொடாமல் போகாது. ஜெபிக்கிறவனே முதலாவது அந்த ஆளுகைக்கு உட்பட வேண்டியவன்.

மருத்துவமனை ஊழியத்துக்கும் இந்த ஜெபத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். லூக்கா 10ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் எழுபது பேரை ஊர்களுக்கு அனுப்பும்போது, வியாதியஸ்தரைச் சொஸ்தமாக்கவும், தேவனுடைய ராஜ்யம் சமீபமாயிற்று என்று சொல்லவும் ஒரே மூச்சில் கட்டளையிடுகிறார். மத்தேயு 10ஆம் அதிகாரத்தில் பன்னிருவருக்குக் கொடுத்த கட்டளையில் குஷ்டரோகிகளைச் சுத்தம்பண்ணுவதும் சேர்ந்திருக்கிறது. சுகமும் ராஜ்யமும் ஆண்டவருடைய வாயில் இணைந்தே வருகின்றன.

வந்துவிட்டது, ஆனாலும் வரவேண்டியிருக்கிறது

காவலில் இருந்த யோவான் ஸ்நானன் ஒருமுறை தன் சீஷரை அனுப்பி, வருகிறவர் நீர்தானா என்று ஆண்டவரைக் கேட்டான். ஆண்டவர் தம்முடைய கிரியைகளைச் சுட்டிக்காட்டினார்: குருடர் பார்க்கிறார்கள், சப்பாணிகள் நடக்கிறார்கள், குஷ்டரோகிகள் சுத்தமாகிறார்கள், தரித்திரருக்குச் சுவிசேஷம் அறிவிக்கப்படுகிறது. ராஜ்யம் வந்துவிட்டது என்பதற்கு இவை அடையாளங்கள். ஆனால் யோவானுடைய சிறைக்கதவு திறக்கவில்லை. சிலகாலத்துக்குப் பின் ஏரோது அவனைச் சிரச்சேதம் செய்தான்.

இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளாவிட்டால் நம்முடைய ஜெபம் வழி தவறிவிடும். ராஜ்யம் முழுவதும் வந்தாயிற்று என்று எண்ணுகிறவர்கள், சுகமாகாத நோயாளியைப் பார்த்து, "உனக்கு விசுவாசம் போதவில்லை" என்று சொல்லி அவரை இன்னும் புண்படுத்திவிடுகிறார்கள். அது மறுமைக்கு மட்டும் உரியது என்று எண்ணுகிறவர்களோ, கட்டிலில் கிடக்கிறவரைக் கண்டு, "எல்லாம் பரலோகத்தில் சரியாகும்" என்று சொல்லிவிட்டு நடந்துவிடுகிறார்கள். ஆரம்பித்துவிட்ட, ஆனால் நிறைவேறி முடியாத ஒரு ஆளுகைக்காகவே ஆண்டவர் நம்மை ஜெபிக்கச் சொன்னார்.

தொழுநோய் கற்றுத்தரும் பாடம்

இதை விளங்கிக்கொள்ளத் தொழுநோயைப் போல் உதவும் வியாதி வேறு இல்லை. வேதத்தில் குஷ்டம் என்று சொல்லப்பட்டிருப்பது பலவகைத் தோல் நோய்களையும் உள்ளடக்கியது. இன்று நாம் தொழுநோய் என்று சொல்வது ஒரு கிருமியால் வருவது. அக்கிருமியை 1873இல் நார்வே தேசத்தில் டாக்டர் ஹான்சன் கண்டுபிடித்தார். அது பெற்றோர் செய்த பாவமும் அல்ல, சாபமும் அல்ல. கிருமி உடலில் புகுந்து நோய் வெளிப்படச் சராசரியாக 5 ஆண்டுகள் ஆகும். சிலருக்கு 20 ஆண்டுகளும் ஆகலாம்.

இந்தக் கிருமி தோலையும் நரம்புகளையும் தாக்குகிறது. நரம்பு பழுதானால் கைகால்களில் உணர்ச்சி மரத்துப்போகிறது. சூடான எவர்சில்வர் தம்ளரைப் பிடித்தாலும் சுடுவது தெரியாது. காலில் முள் தைத்தாலும் தெரியாது. நடந்துகொண்டே இருப்பார்கள், புண் ஆழமாகிக்கொண்டே போகும். கைவிரல்கள் மடங்கிப்போகின்றன. சிலருக்கு இமைகளை மூட முடியாமல் கண்பார்வை கெடுகிறது.

கொல்லிமலையில் மிஷனெரித் தம்பதிகளுக்கு 1914இல் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். அவர் 1946இல் அறுவைச் சிகிச்சை நிபுணராக வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டு, தொழுநோய் நிபுணர் டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டிலுள்ள தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று காட்டினார். மடங்கிப்போன கைகளைச் சரிசெய்ய எலும்பு அறுவை நிபுணர்கள் ஏன் முன்வருவதில்லை என்ற கேள்வி அங்கே பிராண்ட் முன் வைக்கப்பட்டது. அக்காலத்தில் இந்நோய் சதையையே அழுகவைத்து விரல்களைத் தின்றுவிடுகிறது என்றே பலரும் நம்பினார்கள். பிராண்டும் அவரோடு உழைத்தவர்களும் பொறுமையாய் ஆராய்ந்து, விரல்கள் குறைவதற்குப் பெரும்பாலும் காரணம் வலி தெரியாமல் ஏற்படும் காயங்களே என்று காட்டினார்கள். தூங்கும்போது எலி கடித்தாலும் நோயாளிக்குத் தெரியாது. காப்பாற்றி ஓய்வு கொடுத்தால் மற்றவர்களுடைய புண் ஆறுவதுபோலவே அவர்களுடைய புண்ணும் ஆறியது. நன்றாயிருந்த தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை மறுபடியும் வேலை செய்யவைத்தார்கள்.

ஆனால் கை சரியானபின் வேறொரு துக்கம் எழும்பிற்று. பிச்சை எடுத்துப் பிழைத்துவந்த சிலர் திரும்பி வந்து, கைகள் நேரானதால் இப்போது யாரும் இரங்கிக் காசு போடுவதில்லை, வேலையும் கொடுப்பதில்லை என்று முறையிட்டார்கள். கை குணமாயிற்று, பிழைக்க வழி இல்லை. ஆகவே வேலூரில் மறுவாழ்வு நிலையம் ஒன்று தொடங்கப்பட்டு, தச்சு வேலை முதலிய தொழில்கள் கற்றுக்கொடுக்கப்பட்டன. 1955இல் காரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை உருவாயிற்று. மரத்துப்போன பாதங்களுக்கு ஏற்ற மிருதுவான எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு பழக்கத்துக்கு வந்ததும் இப்படிப்பட்ட உழைப்பின் பலனே. தேவனுடைய ஆளுகை ஒரு மனுஷனுடைய கையில் தொடங்கினால் கையோடு நின்றுவிடுவதில்லை. அவனுடைய அடுப்புக்கும், தொழிலுக்கும், நடக்கும் பாதைக்கும் அது வரவேண்டும்.

மருந்து எட்டாத இடம்

உலக சுகாதார நிறுவனம் 1981இல் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. 1995 முதல் இம்மருந்துகள் உலகெங்கும் இலவசமாய் வழங்கப்படுகின்றன. நோயின் வகைக்கேற்ப 6 மாதமோ 12 மாதமோ உட்கொண்டால் கிருமி ஒழிகிறது. சிகிச்சை தொடங்கியவுடனே பிறருக்குத் தொற்றும் தன்மையும் நீங்கிவிடுகிறது. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை 2005 இறுதியில் இந்தியா தேசிய அளவில் எட்டியது. வீடு வீடாய்ச் சென்று நோயைக் கண்டுபிடித்த அரசு சுகாதாரப் பணியாளர்களின் பங்கு இதில் பெரிது. இதற்காக நாம் கர்த்தருக்கு நன்றி செலுத்தவேண்டும். அவருடைய ஆளுகை மிஷன் மருத்துவமனைச் சுவர்களுக்குள் அடங்கியது அல்ல.

எனினும் வேலை முடிந்துவிடவில்லை. 2023ஆம் ஆண்டில் உலகத்தில் 1,80,000க்கும் அதிகமான புதிய நோயாளிகள் கண்டறியப்பட்டார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியாவில். மருந்து கிருமியைக் கொல்லும். பழுதான நரம்பைத் திருப்பித் தருவது அரிது. ஆகவே நோய் நீங்கியவரும் தினந்தோறும் பாதங்களைத் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, புண் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆயுள் முழுவதும் இதைச் செய்யவேண்டும். சுகமானவர், ஆனாலும் முழு மீட்புக்காகக் காத்திருப்பவர். ராஜ்யம் வந்திருப்பதும், வரவேண்டியிருப்பதும் அந்த ஒரே சரீரத்தில் தெரிகிறது.

இன்னொரு தடையும் இருக்கிறது. தொழுநோயாளிகளை ஒதுக்கிவைக்க 1898இல் அந்நிய ஆட்சி இயற்றிய சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்றிருந்த விதிகள் 2019இல்தான் அகற்றப்பட்டன. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு உரிய விவாகரத்துச் சட்டமும் அவற்றில் ஒன்று. சட்டப் புத்தகத்திலிருந்து ஒரு வரியை அடிப்பதற்கே இத்தனை ஆண்டுகள் என்றால், மனதிலிருந்து அடிப்பதற்கு எவ்வளவு காலம் வேண்டும்?

மாற்கு 1ஆம் அதிகாரத்தில் தம்மிடம் வந்த குஷ்டரோகியை ஆண்டவர் தொட்டுச் சொஸ்தமாக்கினார். தொடாமல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் அவன் சுகமடைந்திருப்பான். பாளயத்துக்குப் புறம்பே தள்ளப்பட்டிருந்தவனை மனுஷர் நடுவில் திரும்பச் சேர்ப்பதற்கு அந்தத் தொடுதல் தேவைப்பட்டது. மாத்திரையை அரசாங்கம் கொடுத்துவிடும். அறுவைச் சிகிச்சையை மருத்துவர் செய்துவிடுவார். திருவிருந்தில் பக்கத்தில் முழங்காற்படியிட ஒரு இடம், கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரு இலை, பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொஞ்ச ஒரு சந்தர்ப்பம் ஆகியவற்றை நீங்களும் நாங்களும்தான் கொடுக்கமுடியும். காணிக்கையை மணியார்டரிலோ வங்கி வழியாகவோ அனுப்பிவிடலாம். இதை அப்படி அனுப்ப முடியாது.

யாருடைய ராஜ்யம்?

மருத்துவமனை நடத்துகிற எங்களுக்கும் இந்த ஜெபத்தில் ஒரு எச்சரிப்பு உண்டு. புதிய கட்டடம் எழும்பவேண்டும், படுக்கைகள் பெருகவேண்டும், ஸ்தாபனத்தின் பெயர் விளங்கவேண்டும் என்று கேட்பது எளிது. அவையும் தேவையாயிருக்கலாம். ஆனால் ராஜ்யத்தின் வரவைப் படுக்கைகளின் எண்ணிக்கையால் அளக்க முடியாது. மத்தேயு 13ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் அதைக் கடுகு விதைக்கும், மாவில் அடக்கி வைத்த புளித்தமாவுக்கும் ஒப்பிட்டார். வேறு ஒருவர் கையால் ஒரு நோயாளி நலமடைந்தாலும் சந்தோஷப்பட முடியுமானால், நாம் அவர் ராஜ்யத்துக்காக ஜெபிக்கிறோம் என்று அறிந்துகொள்ளலாம்.

அன்பான பங்காளர்களே, இனி அந்த விண்ணப்பத்தைச் சொல்லும்போது சற்று நிதானித்து, பின்வரும் காரியங்களையும் சேர்த்து ஜெபிக்க உங்களை அன்பாய் வேண்டுகிறோம்:

1. உணர்ச்சியற்ற தேமல் இருந்தும், ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற பயத்தால் மறைத்துவைப்பவர்கள் சீக்கிரமாய்ச் சிகிச்சைக்கு வர.

2. குணமானபின்பும் வீடு திரும்ப முடியாதவர்களின் குடும்பத்தார் மனம் இளக.

3. புண்களுக்குக் கட்டுப்போடும் செவிலியரும், செருப்புத் தைப்போரும், கிராமங்களுக்குச் செல்லும் பணியாளரும் சோர்ந்துபோகாதிருக்க.

4. தொழுநோயாளியைப் பட்டப்பெயரால் இகழும் வழக்கம் நம் பேச்சிலிருந்தும் பிரசங்கங்களிலிருந்தும் ஒழிய.

5. ஆண்டவருடைய ஆளுகை நம்முடைய சபையில், நாம் உட்காரும் அதே வரிசையில் முதலாவது வர.

கண்ணீரும் வருத்தமும் இல்லாத நாள் வரும் என்று வேதத்தின் கடைசிப் புத்தகம் வாக்களிக்கிறது. அந்நாளைத் தேவன் கொண்டுவருவார். நாம் கொண்டுவர முடியாது. அந்நாள் வரைக்கும் ஒவ்வொரு காலையும் புண்ணைக் கழுவிக் கட்டுவோம். ஒவ்வொரு இரவும் ராஜ்யத்துக்காக ஜெபிப்போம். இவ்விரண்டிலும் எங்களோடு கைகோத்து நிற்கும் உங்களைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில் உங்கள் அன்புள்ள,
மருத்துவமனை ஊழியர் குடும்பத்தார்