மலை ஏறும் வண்டிக்குக் கெட்டி ஆயில் வேண்டுமா?

மூணாறு போகும் சாலையில் முந்தல் தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும். போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள், ஆயிரம் மீட்டரை ஒட்டிய ஏற்றம். கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையின் இந்தப் பகுதியில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் பழைய ஜீப்பும், மூணாறு பார்க்கப் போகும் புதுக் காரும் ஒன்றன்பின் ஒன்றாக உறுமிக்கொண்டு ஏறும். இரண்டுக்கும் ஒரே யோசனை சொல்வார்கள்: "மலை வண்டியா? கெட்டி ஆயிலாப் போடுங்க." ஜீப்புக்கு அது பொருந்தலாம். புதுக் காருக்குப் பொருந்தாது.

டப்பாவில் 15டபிள்யூ-40 என்று இருந்தால், டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முந்தைய எண் குறையக் குறைய, குளிர்ந்த எஞ்சினில் ஆயில் சீக்கிரம் ஓடும். பிந்தைய எண், 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் அதன் கெட்டித்தன்மைக்கான தரம். 15டபிள்யூ ஆயிலை மைனஸ் 20 டிகிரியில் சோதிக்கிறார்கள். மார்கழி மூணாறுகூட அந்தக் குளிரை எட்டாது. ஆகவே மலைக்குளிருக்குப் பயந்து ஆயிலை மாற்ற வேண்டியதில்லை.

ஏற்றத்தில் ஆயில் சூடேறும் என்பது உண்மைதான். ஆனால் 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 கேட்கும் எஞ்சினை அந்தச் சூட்டையும் கணக்கில் வைத்துத்தான் வடிவமைத்திருக்கிறார்கள். "தண்ணி மாதிரி இருக்கே" என்று கெட்டியானதை ஊற்றினால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் டர்போவுக்கு ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும்; மைலேஜும் குறையும்.

கெட்டியைவிட ரகம்தான் முக்கியம் என்பேன். டப்பாவில் போட்டிருக்கும் ஏபிஐ என்ற அமெரிக்கத் தரத்தில் எஸ் என்று தொடங்குவது பெட்ரோலுக்கு, சி என்று தொடங்குவது டீசலுக்கு. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ்-6 புகை விதிப்படியான டீசல் கார்களின் புகைக்குழாயில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி, டி.பி.எஃப், இருக்கிறது. கரியை அது அவ்வப்போது எரித்துவிடும். ஆயிலிலிருந்து வரும் சாம்பல் மட்டும் எரியாது, அடைத்துக்கொண்டே போகும். அதனால் இவற்றுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும். கார் கையேட்டில் ஏசிஇஏ என்ற ஐரோப்பியத் தரத்தின் சி2, சி3 போன்ற குறியீடு போட்டிருக்கும். பீப்பாயிலிருந்து ஊற்றித் தரும் லூஸ் ஆயில் இங்கே ஆகாது.

மலை உண்மையில் குறைப்பது ஆயிலின் ஆயுளைத்தான். கையேட்டில் 'கடினப் பயன்பாடு' என்றொரு அட்டவணை இருக்கும், யாரும் புரட்டுவதில்லை. மலைச்சாலை, அதிக பாரம், எஞ்சின் சூடேறும் முன்பே முடிந்துவிடும் குட்டிப் பயணம் எல்லாம் அதில் சேர்த்தி. வாரம் தவறாமல் மெட்டு ஏறுபவருக்கு, ஆயில் மாற்ற அந்த அட்டவணை சொல்லும் குறைந்த கிலோமீட்டர்தான் கணக்கு.

வண்டியைச் சரிவில் நிறுத்தி டிப் ஸ்டிக்கைப் பார்த்தால் அளவு பொய் சொல்லும். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் பொறுத்துப் பாருங்கள். டீசல் வண்டியில் ஆயில் கறுத்திருப்பது கோளாறு இல்லை. ஊற்றாமலே அளவு மேல்கோட்டைத் தாண்டி, டீசல் வாடையும் அடித்தால் எரிபொருள் கலந்திருக்கிறது. மலை ஏறும் முன் ஒர்க்‌ஷாப்பில் காட்டிவிடுங்கள்.