வீடு போனாலும் பாக்கி நிற்கும்

"தவணை கட்ட முடியலையா, விட்டுத் தள்ளு. பேங்க்காரன் கோர்ட்டுக்குப் போனா பத்து வருஷம் இழுக்கும்." தொண்ணூறுகளில் இப்படித் தைரியம் சொல்ல எல்லாக் குடும்பத்திலும் ஒரு சித்தப்பா இருந்தார். அவர் சொன்னது பொய்யும் இல்லை. அன்று வங்கி சிவில் வழக்குப் போட வேண்டும். முதல்நிலைத் தீர்ப்பாணை வரும், பணம் கட்ட ஆறு மாதம் வரை கெடு கிடைக்கும், பிறகு இறுதித் தீர்ப்பாணை, நிறைவேற்று மனு, மேல்முறையீடு. வாய்தா மேல் வாய்தா. கடன் வாங்கியவர் அதே வீட்டில் பேரன் பேத்தி பார்த்துவிடுவார்.

2002இல் வந்த சர்பாசி சட்டம் சித்தப்பாவின் வாயை அடைத்தது. தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அடுத்து 60 நாள் நோட்டீஸ். அதற்கும் அசையாவிட்டால், வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்காமலே வங்கி வீட்டைச் சுவாதீனம் எடுக்கலாம். கதவில் ஒரு தாள் ஒட்டுவார்கள். தமிழ் நாளிதழிலும் விளம்பரம் வரும். பொடி எழுத்தில் கடன் வாங்கியவர் பெயர், ஜாமீன்தாரர் பெயர், பாக்கித் தொகை, சர்வே எண், வடக்கே யார் மனை, கிழக்கே எத்தனை அடிப் பாதை என்று செக்குபந்தி முழுவதும் இருக்கும். பத்திரப் பதிவன்று பூரிப்போடு படித்த அதே வரிகள்தான். பேப்பரே படிக்காத சொந்தக்காரர் கண்ணிலும் இது எப்படியோ பட்டுவிடும்.

"வீட்டை எடுத்துக்கட்டும், ஆளை விட்டாப் போதும்" என்று நினைப்பவர்கள் உண்டு. 2008 வாக்கில் வீட்டு விலை சரிந்தபோது அமெரிக்காவில் பலர் சாவியை உறையில் போட்டு வங்கிக்கு அனுப்பிவிட்டு நடையைக் கட்டினார்கள். கலிபோர்னியா போன்ற மாநிலங்களில், குடியிருக்க வீடு வாங்கிய கடனுக்கு அந்த வீடு மட்டுமே ஈடு என்பதால் அது செல்லுபடியானது. இங்கே ஆகாது. 45 லட்சம் பாக்கியில் ஏலம் 36 லட்சத்துக்குப் போனால், மீதி 9 லட்சமும் ஏலச் செலவும் நம் தலையில்தான். ஜாமீன் போட்ட மைத்துனரையும் வங்கி விடாது. கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் மதிப்பெண் அடிபடுவது தனிக் கதை.

அன்று தவணை தவறியவர் மேனேஜரின் இரக்கத்தையோ வட்டித் தள்ளுபடி அறிவிப்பையோ நம்பியிருந்தார். இன்று கேட்டால் கிடைக்கக்கூடியவை சில உண்டு: தவணைக் காலத்தை நீட்டுவது, கடனைச் சீரமைப்பது, ஒரே தவணையில் பேசித் தீர்ப்பது. கடைசியானதில் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று விழும்; 'குளோஸ்டு' என்ற சொல்லுக்கு இருக்கும் மதிப்பு அதற்கு இல்லை. என்னைக் கேட்டால், நோட்டீஸ் வருவதற்கு முன் வங்கியிடம் சொல்லிவிட்டு நாமே ஆள் பார்த்து விற்பதுதான் நல்லது. அவசரமில்லாமல் விற்கும் வீட்டுக்குக் கிடைக்கும் விலை ஏலத்தில் பெரும்பாலும் வராது. வாங்குபவர் பணத்தில் கடனை அடைத்துவிட்டால் வங்கி 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். அதன் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தர வேண்டும். 2023 டிசம்பரிலிருந்து இது ரிசர்வ் வங்கி விதி.

வங்கி சுவாதீனம் எடுத்துவிட்டாலும் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது. ஆனால் பாக்கியைக் கட்டி வீட்டை மீட்கும் கெடு சுருங்கிவிட்டது. முன்பு விற்பனைக்குக் குறித்த நாளுக்கு முன் எப்போது வேண்டுமானாலும் கட்டலாம். 2016 திருத்தத்துக்குப் பின், ஏல அறிவிப்பு வெளியாகும்வரைதான் அந்த உரிமை. ஏலத்துக்கு முதல் நாள் நகையை விற்று முழுப் பணத்தோடு ஓடினாலும், அதை வாங்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் வங்கிக்கு இல்லை.