செருகுநிரல் எழுதக் கற்போம்

நம் பள்ளியில் படித்த இளைஞர் ஒருவர், தோட்டத்துக் கோயிலுக்கு வேர்ட்பிரஸ் கொண்டு இணையத்தளம் அமைத்தார். ஒவ்வொரு கட்டுரையின் கீழும் பூசை நேரம் தெரியவேண்டுமென்று, வேர்ட்பிரஸ்ஸின் மூல நிரலுக்குள்ளேயே சில வரிகளைச் சேர்த்தார். திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு புதிய பதிப்பு வந்தது. அதை ஏற்றியதும் அவர் எழுதியவை அழிந்துபோயின. அவர் செய்த தவறு என்ன?

வேர்ட்பிரஸ், இணையத்தளம் நடத்த உதவும் மென்பொருள். 2003ஆம் ஆண்டில் மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவர் இதனைத் தொடங்கினர். இது திறந்த மூல மென்பொருள். அதாவது, இதன் நிரலை எவரும் காசின்றிப் பெறலாம், படிக்கலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம். 2004இல் வந்த 1.2 பதிப்பில், மூல நிரலைத் தொடாமலே புதிய வசதிகளைச் சேர்க்க வழி செய்தனர். அப்படிச் சேர்ப்பதே செருகுநிரல். பிளகின் என்றும் சொல்வர்.

பால்மரம் வெட்டும்போது கத்தி பட்டையோடு நிற்கவேண்டும். ஆழமாய்ப் போனால் மரத்துக்குக் காயம். மூல நிரலும் அப்படித்தான். அதை வெட்டவேண்டியதில்லை. நம் வேலையை மாட்டுவதற்கென்றே அதில் பல இடங்களில் கொக்கிகள் உள்ளன. அவை இருவகை. ஆக்‌ஷன் என்பது, குறித்த கட்டம் வந்ததும் நம் நிரலை ஓடச் செய்யும். ஃபில்டர் என்பது, ஒரு செய்தியை நம்மிடம் கொடுத்து, திருத்தித் திரும்பப் பெற்றுக்கொள்ளும். அந்த இளைஞருக்கு வேண்டியது ஒரு ஃபில்டரே. செருகுநிரல் தனி உறையில் இருப்பதால், புதிய பதிப்பு அதை அழிக்காது.

தொடங்குவது எப்படி? முதலில் பிஎச்பி என்னும் நிரல்மொழியின் அடிப்படையைக் கற்கவேண்டும். பிறகு, ஒரே கோப்பில் செருகுநிரலின் பெயரை மேலே குறித்து, கீழே நிரலை எழுதி, செருகுநிரல்களுக்கான உறையில் வைத்து, நிர்வாகப் பக்கத்தில் இயக்கிவிட்டால் போதும். வேர்ட்பிரஸ்ஸுடன் பல்லாண்டுகள் சேர்ந்தே வந்த ஹலோ டாலி என்னும் சிறிய செருகுநிரலைப் படித்துப் பார்ப்பது நல்ல முதல் பாடம்.

இரண்டு எச்சரிக்கைகள். முதலில் சொந்தக் கணினியில் சோதித்துப் பார்த்த பின்னரே பொதுத் தளத்தில் ஏற்றவேண்டும். வெளியார் தட்டச்சு செய்து அனுப்பும் எதையும் சோதிக்காமல் ஏற்கவோ, அப்படியே திரையில் காட்டவோ கூடாது. தீயவர்கள் நுழையும் வாசல் அதுவே.

அந்த இளைஞர் இரண்டு இரவுகள் கண்விழித்து, எல்லாவற்றையும் செருகுநிரலாக மாற்றி எழுதினார். திருவிழாவன்று பூசை நேரம் சரியாகத் தெரிந்தது. பெற்றோர்களே, பிள்ளை கணினி முன் அமர்ந்திருந்தால், என்ன செய்கிறாய் என்று அன்போடு கேளுங்கள். அவன் கற்றுக்கொண்டிருப்பது ஒரு தொழிலாகவும் இருக்கலாம்.