இரணைமடுவின் அலைகரையும் கூதிர்காலப் பறவைகளும்

ஓமந்தையை அடுத்த சேமமடுப் பகுதியிலே தோன்றும் கனகராயன் ஆறு, வன்னிக் காடுகளினூடே வடக்கு நோக்கி ஓடி, முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய மாவட்டங்களைக் கடந்து, சுண்டிக்குளம் கடனீரேரியிற் சென்று கலக்கின்றது. மகாவலி போன்ற பேராறுகளோடு ஒப்பிடுமிடத்து இது சிற்றாறே. கோடையில் மணற்படுகையன்றி வேறொன்றும் இதன்கண் எஞ்சுவதில்லை. எனினும் வட மாகாணத்துப் பெருங்குளங்களுள் ஒன்றாகிய இரணைமடு இவ்வாற்றை மறித்தே அமைக்கப்பட்டது. இரணை என்பது இரட்டை எனப் பொருள்படும். இயற்கையாயமைந்த இரு மடுக்கள், 1902ஆம் ஆண்டளவில் தொடங்கி 1920ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய அணைவேலையினால் ஒரே நீர்ப்பரப்பாயின. பின்னரும் பலமுறை அதன் கட்டு உயர்த்தப்பட்டது.

குளம் நிறைந்தாற் பறவையும் நிறையும் என்பது பொதுவாக நிலவும் எண்ணம். இரணைமடுவின் அலைகரையை ஐப்பசி மாதத்து விடியலில் ஒருமுறை நுணுகி நோக்கியோர் இவ்வெண்ணத்தை அப்படியே ஏற்கமாட்டார். அலைகரை என்பது குளக்கட்டுக்கு எதிர்ப்புறத்தே நீர் ஏறியும் இறங்கியும் வரும் தாழ்ந்த சரிவு நிலமாகும். ஆண்டின் ஒரு பாதியில் அது நீரடியிற் கிடக்கும். மறு பாதியில் வெடித்த சேறாகவும், கோரை முளைத்த புற்றரையாகவும், மாடு மேயும் வெளியாகவும் காட்சி தரும். கட்டின்மீது நின்று பார்ப்பவர்க்கு அது பாழ்நிலமாகவே தோன்றும்.

பண்டைத் தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என வழங்கினர். வன்னியில் அப்பொழுது வடகீழ்ப் பருவமழையின் தொடக்கம். சிறுபோகத்துக்கு நீர் கொடுத்து முடித்த குளம் அவ்வேளையிலே தன் தாழ்ந்த மட்டத்தில் நிற்கும். ஆவணி தொட்டு வடபுலத்திலிருந்து வரத் தொடங்கும் வலசைப் பறவைகளுள் பெரும்பகுதி அதற்குள் இலங்கையை அடைந்துவிடும். மத்திய ஆசிய வான்வழியின் தென்கோடி இத்தீவே. இதற்கு அப்பால் தெற்கே நோக்கின் தென்முனைக் கண்டம்வரை பெருநிலம் எதுவும் இல்லை. சத்திமுத்தப் புலவர் தம் பாட்டிலே நாரையைக் குமரிவரை வந்து வடக்கே மீளும் பறவையாகக் கண்டார். குமரியையும் கடந்து வருவன பல உள என்பது இரணைமடுவிலே தெளிவாகும்.

கீழ்வானம் வெளுக்குமுன்பே காட்டோரத்தில் இருகுரற் சீழ்க்கை ஒன்று கேட்கும். அது ஆறுமணிக்குருவியின் ஓசை. காலையும் மாலையும் ஏறத்தாழ ஆறு மணியளவிற் கூவுதலால் இப்பெயர் பெற்ற இச்சிறு பறவை, இமயத்து அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தபின், இரவிலே பறந்து பறந்து இங்கு வந்து சேர்கின்றது. வந்த களைப்பினால் வீடுகளுக்குள்ளும் அது புகுந்துவிடுவதுண்டு. இருள் பிரியும் வேளையில் வயற்புறத்திலிருந்து வாத்துக் கூட்டங்கள் வரிசை வரிசையாகத் திரும்பும். இவற்றுட் பெரும்பாலன நீலச்சிறகி எனப்படுவன. ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் இனம்பெருக்குபவை. இரவெல்லாம் நெல்வயல்களில் மேய்ந்து, பகலிற் குளத்து நடுவே மிதந்து துயில்வது இவற்றின் வழக்கம். ஆதலின் ஒன்பது மணிக்கு மேற் செல்வோர் தொலைவிற் கரும்புள்ளிகளையே காண்பர். பறவை காணப் புறப்படுவோர் ஞாயிற்றைப் பின்னிட்டு நிற்றல் வேண்டும் என்பதும் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. எதிர்வெயிலில் எப்பறவையும் கருமையே. எத்துணை விலையுயர்ந்த தொலைநோக்கியும் அங்கே பயன்படாது.

வெயில் சற்றே ஏறியபின் அலைகரையை நோக்கின், பறவைகள் தம் விருப்பம்போற் சிதறி நிற்பதாகவே முதலில் தோன்றும். சிறிது பொறுத்து நோக்கின் ஓர் ஒழுங்கு புலப்படும். ஈரமண்ணில் நீரின்றி ஓடித்திரிவது பட்டாணி உப்புக்கொத்தி. அதன் அலகு குறுகியது; கண் பெரியது. இரையைக் கண்டு, ஓடிக் கொத்தி, நின்று, மீண்டும் ஓடும். விரற்கடை நீரில் நடப்பன உள்ளான் வகைகள். கணுக்கால் அளவு நீரிற் கருவால் மூக்கன் தன் நீண்ட அலகைச் சேற்றினுள் முழுவதும் செலுத்தித் துழாவும். அவ்வலகின் நுனி உணர்ச்சி மிக்கது; புழுவைக் கண்ணாற் காணாமலே அது அறிந்துகொள்ளும். செந்நிறக் கால்களையுடைய நெடுங்கால் உள்ளான் இன்னும் சற்று உள்ளே நிற்கும். அதற்கப்பால் கரண்டிவாயன் அலகைப் பக்கவாட்டில் வீசிச் செல்லும். மஞ்சள்மூக்கு நாரை திறந்த அலகை நீரில் அமிழ்த்தி, மீன் தானாகவே வந்து தட்டும்வரை காத்திருக்கும். நீந்துவனவும் மூழ்குவனவும் ஆழ்நீருக்கு உரியன. கூழைக்கடா கூட்டமாய் நீந்தி மீனை வளைத்துப் பிடிக்க, நீர்க்காகமும் பாம்புத்தாராவும் மூழ்கி எழுந்து, பட்டமரங்களிற் சிறகு விரித்து உலர்த்தும். 1952ஆம் ஆண்டளவில் இலங்கைக் குளங்களில் விடப்பட்ட திலாப்பியா மீன், மீனவரைப்போலவே இவற்றுக்கும் பெரும் உணவாயிற்று.

எனவே அலைகரையில் நிகழும் பங்கீட்டுக்கு அளவுகோல் நீரின் ஆழமே. காலும் அலகும் எவ்வளவு நீளமோ, அவ்வளவு ஆழமே ஒவ்வொன்றுக்கும் உரிமை. உப்புக்கொத்தியும் உள்ளானும் ஓரடி ஆழத்தில் வாழமாட்டா.

இங்கே சிறிது கணக்குத் தேவைப்படுகின்றது. அலைகரை 200 அடி தூரத்துக்கு ஓரடி வீதம் சரிந்திருப்பதாகக் கொள்வோம். நீர்மட்டம் 2 அடி உயரின், 400 அடி அகலமான நிலம் நீருள் மறையும். குத்துச்சரிவான கட்டின் பக்கத்திலோ இவ்வுயர்வு சில கற்களை நனைப்பதோடு அமையும். ஆகவே கட்டருகே நிற்பவர் சிறிதெனக் கருதும் மாற்றம், எதிர்க்கரையில் ஒரு பறவைக் கூட்டத்தின் மேய்ச்சல் நிலம் முழுவதையும் இடம்பெயர்க்க வல்லது. 2010களில் இரணைமடுவின் நீர் கொள்ளும் உயரம் 34 அடியிலிருந்து 36 அடியாக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துக்கு இக்குளத்து நீரைக் கொண்டுசெல்லல் பற்றி அக்காலத்தெழுந்த விவாதம் பயிருக்கும் குடிநீருக்கும் இடையிலானதாகவே நடந்தது, அவ்விரண்டும் பெருந்தேவைகளே. ஆயினும் மட்டம் உயர்வதனால் மட்டும் அலைகரை அழிந்துவிடாது. அது மேலே நகரும், அவ்வளவே. நகர்ந்து செல்ல மேலே வெற்றுநிலம் இருத்தல் வேண்டும். அங்கே வேலியும் உழவும் வந்துவிடின் சேற்று விளிம்புக்கு இடமில்லாது போகும். நீர் வற்றும் மாதங்களில் அலைகரையை உழுது பயிரிடுதல் வன்னிக் குளங்கள் பலவற்றிற் காணப்படும் செயல். ஏழைக் குடியானவர் சிலர் அதனைச் செய்வதை வன்மையாகக் கண்டித்தல் எளிது, நியாயமன்று. ஆனால் அந்நிலம் எவர்க்கும் பயன்படாத வெறுநிலம் என்று கொண்டு பெரும்பரப்பை அடைப்பது பிழையான கணக்கு.

தமிழ்நாட்டு வேடந்தாங்கலை ஈண்டு எடுத்துக்காட்டுவது பலரின் வழக்கம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அவ்வூரார், செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் என்பவரிடம் தம் ஏரிப் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தாகப் பெற்றனர். பறவையெச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாதலை அவர்கள் அறிந்திருந்தனர். அச்செயல் போற்றத்தக்கதே. ஆயினும் வேடந்தாங்கலின் சிறப்பு, நீருள் நிற்கும் மரங்களிற் கூடு கட்டும் நாரைகளும் கொக்குகளும் ஆம். அம்மரங்களைச் சூழ நீர் நிற்பது கூடுகளுக்குக் காவல். அங்கே நிறைந்த ஏரியே நல்ல ஏரி. இரணைமடுவுக்கு வரும் உள்ளானும் உப்புக்கொத்தியும் இங்கே கூடு கட்டுவனவல்ல. உண்டு உடல் தேற்றிச் செல்ல வருவன. ஓரிடத்து விதியை மற்றோரிடத்துக்கு அவ்வாறே பெயர்த்தெழுதுதல் பொருந்தாது.

எண்ணிக்கை எடுப்பதிலும் இக்காலவேறுபாடு கவனிக்கத்தக்கது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987ஆம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் சனவரியில் நடைபெறுகின்றது. பல நாடுகளில் ஒருங்கே எண்ணுதற்கு அம்மாதம் ஏற்றதே. ஆனால் மழை தவறாத ஆண்டுகளில் வன்னிக் குளங்கள் அப்பொழுது வான் பாயும் நிலையில் நிற்கும். 2018ஆம் ஆண்டு திசம்பரில் இரணைமடுவின் கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியில் வெள்ளம் பரந்தமை பலர் நினைவிலும் உள்ளது. அத்தகைய தை மாதத்தில் இக்குளத்திற் சேற்றுப் பறவைகளை எண்ணி, இல்லை என எழுதுவோர் ஐப்பசியில் வந்திருப்பின் வேறு எழுதியிருப்பர்.

குளம் நிறைந்ததும் அவை எங்கே செல்கின்றன என்பது கனகராயன் ஆற்றின் போக்கிலேயே ஓரளவு புலனாகும். சில விதைத்த வயல்களிற் பரவும். சில ஆற்றின் முடிவிடமாகிய சுண்டிக்குளத்தின் ஆழமற்ற நீர்ப்பரப்பை அடையும். 1938இற் பறவைச் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்ட அவ்விடத்திற் பூநாரைகளையும் காணலாம். மாசி பங்குனியில் இரணைமடு மீண்டும் இறங்கத் தொடங்கும். சேற்று விளிம்பு வெளிப்படும். திரும்பிச் செல்லும் பறவைகள் அங்கே மறுபடி தங்கும். வரும்போது சாம்பலும் கபிலமுமாயிருந்த அவை அப்பொழுது நிறம் மாறத் தொடங்கியிருக்கும். கருவால் மூக்கனின் கழுத்துச் செம்மை கொள்ளும். பொன்னிற உப்புக்கொத்தியின் வயிறு கருக்கும். சித்திரை பிறக்குமுன் அவற்றுட் பெரும்பாலன வடக்கே புறப்பட்டுவிடும்.