விரிகுடாவிற்கேற்ற தூண்டில்

பாக் விரிகுடாவைப் போல ஆழம் குறைந்து, அலையின் உக்கிரமும் பெரும்பாலும் தணிந்திருக்கும் கடலிலே, கரையில் நின்று கொடுவாவையோ பாறை மீனையோ தூண்டிலிட்டுப் பிடிக்கப் பிரியப்படுகிறவர், ஆழ்கடலுக்கென்று செய்த கனத்த உபகரணங்களுக்காகப் பணத்தை விரயம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. ஏழெட்டு அடி நீளமுள்ள கண்ணாடியிழைக் கோல், கார்பன் கோலைவிடச் சற்றுக் கனமானதுதான். ஆயினும் விலை குறைந்தது, கல்லில் இடிபட்டாலும் எளிதில் முறியாதது. ஆகையால் புதிதாகப் பழகுகிறவருக்கு அதையே மனமுவந்து சிபாரிசு செய்வேன்.

கோலில் மிச்சம் பிடித்ததை ரீலில் செலவிடுவதே விவேகம். 3000 அல்லது 4000 என்று இலக்கமிட்ட ஸ்பின்னிங் ரீல் போதுமானது. கடையிலேயே தங்கூசியைக் கோத்து, தங்கூசி நழுவும் இறுக்கத்தைக் கட்டுப்படுத்தும் டிராக் திருகைப் பாதி இறுக்கி, நுனியைக் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். தங்கூசி விட்டுவிட்டு வராமல் ஒரே சீராக நழுவி வருமானால், பெரிய மீன் திடீரென்று பாயும் க்ஷணத்திலும் அது அறுந்துபோகும் அபாயம் குறைவு. பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் பேரிங் எண்ணிக்கையைக் கண்டு மயங்குவது வீண். உப்பு நீர் பட்டால் மலிவான பேரிங்குகள் சீக்கிரமே துருவேறிவிடும். கோலின் வளையங்களுக்குள் சிறிது பஞ்சைச் செலுத்தி, இழை சிக்கினால் அங்கே கீறல் உண்டென்று அறிந்து, அந்தக் கோலைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வீடு திரும்பியதும் டிராக்கை இறுக்கி, நன்னீரை மெல்லத் தெளித்து அலம்பி, நிழலில் உலர்த்தியபின் தளர்த்தி வைத்தால், சாதாரண ரீலும் பல வருஷம் உழைக்கும்.