சொம்பில் வைத்த சாமந்தி

வா கண்ணு, வா. மாசி பிறந்துவிட்டது. விடியற்காலையில் கல்வராயன் மலைப்பக்கம் பனி இன்னும் விலகவில்லை. கீழே கள்ளக்குறிச்சியிலோ பத்து மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. மாசியும் பங்குனியும் சேர்ந்த இந்தப் பருவத்துக்குப் பின்பனிக்காலம் என்று பெயர்.

உன் வீட்டுத் தோட்டத்தில் இப்போது என்ன பூத்திருக்கிறது, சொல் பார்ப்போம். சாமந்தி இருக்கும். செண்டுமல்லி, கனகாம்பரம், நந்தியாவட்டை இருக்கும். டிசம்பர் பூ கடைசியாக நாலு பூத்திருக்கும். மல்லிகையைத் தேடாதே. அதற்குக் குளிர் ஆகாது. கோடை வந்ததும் கொட்டிக் கொடுக்கும்.

மல்லிகை வெயிலுக்குக் காத்திருக்கிறது, சரி. சாமந்தி மட்டும் ஏன் பனிக்காலத்தில் பூக்கிறது? அது இரவின் நீளத்தைப் பார்த்துத்தான் மொட்டு விடும். மார்கழி வாக்கில் நம் ஊரில் பகல் ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம்தான். இரவு நீளம். சாமந்திக்கு அந்த நீண்ட இருட்டு வேண்டும். பசுமைக் குடிலில் சாமந்தி வளர்ப்பவர்கள் பூப்பதைத் தள்ளிப்போட நினைத்தால், ராத்திரியில் பல்பு போட்டு வைப்பார்கள். செடி ஏமாந்துபோகும்! செடிகள் இப்படிப் பொழுதை அளக்கின்றன என்று 1920இல் கார்னர், அல்லார்டு என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் எழுதினார்கள்.

ஒரு சாமந்தியைப் பிய்த்துப் பார். நீ இதழ் என்று நினைத்து உருவுகிறாயே, அது ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூ. நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் ஒரு பெரிய பூக்கூட்டம். செண்டுமல்லியும் அப்படித்தான். நம்பிக்கை வரவில்லையா? அதன் இதழ் ஒன்றை மெதுவாக உருவி, அடியைப் பார். விதையாகப் போகிற குச்சி போன்ற பகுதி ஒட்டிக்கொண்டு வரும்.

சரி, நாலைந்து பூவை வெட்டிச் சொம்பில் வைக்கலாமா? அதற்கு முன்னால் ஒரு கேள்வி. வெட்டிய பூ செத்துப்போய்விட்டதா, உயிரோடு இருக்கிறதா?

உயிரோடுதான் இருக்கிறது! அது சுவாசிக்கிறது. அதற்குத் தாகம் எடுக்கிறது. வேர்தான் இல்லை. வேர் இல்லாமல் எப்படித் தண்ணீர் குடிக்கும் என்று கேட்கிறாயா? கெட்டிக்காரக் கேள்வி.

காம்புக்குள் மயிரிழையைவிட மெல்லிய குழாய்கள் நிறைய உண்டு. அவற்றுக்குச் சைலம் என்று பெயர். இலையிலும் இதழிலும் இருக்கிற தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்ளும் குணம் உள்ளவை. அதனால் மேலே ஒன்று போனால், கீழே இருப்பது பின்னாலேயே ஏறி வரும். குழாய்க்குள் தண்ணீர் மேலே இழுபடுகிறது, அவ்வளவுதான். இதை 1894இல் டப்ளின் நகரத்தைச் சேர்ந்த டிக்சன், ஜோலி என்ற இருவர் விளக்கினார்கள்.

நம் நாட்டு விஞ்ஞானி ஜெகதீஷ் சந்திர போஸ் வேறு மாதிரி நினைத்தார். செடியின் உயிருள்ள செல்கள் துடித்துத் துடித்துத் தண்ணீரை மேலே தள்ளுகின்றன என்றார். 1923இல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். இன்றைய அறிவியல் டிக்சன் பக்கம்தான் நிற்கிறது. ஆனாலும் செடிக்குள் நடப்பதை அளப்பதற்குப் போஸ் செய்த கருவிகள் இருக்கின்றனவே, அபாரம்! பெரிய விஞ்ஞானி சொன்னது என்பதற்காக எதையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை, கண்ணு. சோதித்துப் பார்க்கலாம்.

இதுவரை புரிந்ததா? மேலே ஆவியாகிறது, கீழே இருப்பது ஏறுகிறது. இனி வெட்டுகிற வேலைக்கு வருவோம்.

இளநீரை ஸ்டிராவில் உறிஞ்சும்போது அந்த ஸ்டிராவில் ஓட்டை இருந்தால் என்ன ஆகும்? காற்றுதான் வாய்க்கு வரும், இளநீர் வராது. காம்பிலும் அதே தொல்லைதான். வெட்டியவுடன் குழாய்க்குள் காற்று புகுந்து அடைத்துக்கொள்ளும். அதனால் செடியில் வெட்டிய காம்பை வீட்டுக்கு வந்ததும் தண்ணீருக்குள் முக்கிப் பிடித்துக்கொண்டு, நுனியில் ஓர் அங்குலம் மறுபடி வெட்டு. சாய்வாக வெட்டினால் நுனி சொம்பின் அடியில் அப்பிக்கொண்டு அடைபடாது. கத்தரிக்கோலைத் தொடும்போது பெரியவர் யாராவது பக்கத்தில் இருக்கட்டும்.

காலையில் வெட்டுவதுதான் நல்லது. ராத்திரி முழுக்க வேர் உறிஞ்சிய தண்ணீர் காம்பு நிறைய இருக்கும். உச்சி வெயிலில் வெட்டிய பூ ஏற்கெனவே தாகத்தோடுதான் உன் கைக்கு வரும்.

தண்ணீருக்குள் மூழ்குகிற இலைகளைக் கிள்ளிவிடு. அவை அழுகினால் பாக்டீரியா பெருகும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூட்டம் குழாய் வாயை அடைத்துவிடும். தினமும் தண்ணீரை மாற்று. ஒரு சிட்டிகை சர்க்கரை போடலாம், அது பூவுக்குச் சாப்பாடு. நம் கள்ளக்குறிச்சிக் கரும்பில் ஊறுகிற அதே சர்க்கரைதான். கூடவே இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறும் விடு. சர்க்கரை பாக்டீரியாவுக்கும் பிடிக்குமே! புளிப்பு அதைக் கொஞ்சம் அடக்கி வைக்கும்.

எல்லாப் பூவும் சொம்புக்கு ஒத்துவராது. செம்பருத்தி பெரும்பாலும் ஒரே நாளில் சுருங்கிவிடும், செடியிலேயே விட்டாலும் அப்படித்தான். டிசம்பர் பூ தொட்டாலே உதிரும், அது தொடுக்கத்தான் லாயக்கு. நந்தியாவட்டையில் பால் வடியும். அது வடிந்து நிற்கும்வரை தனி டம்ளரில் வைத்துவிட்டுப் பிறகு சேர். கனகாம்பரத்தைக் கதிரோடு வெட்டு. அது அவ்வளவு சீக்கிரம் வாடாது. என்னைக் கேட்டால் சாமந்திக்குத்தான் முதல் மார்க்கு.

அரளியை மட்டும் தொடாதே. அதன் பூ, இலை, காம்பு எல்லாமே விஷம். அது நின்ற தண்ணீரும் விஷம்தான். தம்பி தங்கை இருக்கிற வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

சொம்பை எங்கே வைப்பாய்? வெயில் படாத, குளிர்ச்சியான மூலையில் வை. பழுத்த வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் வைக்காதே. பழத்திலிருந்து எத்திலீன் என்ற வாயு வரும். பல பூக்கள் அது பட்டால் சீக்கிரம் வாடும். கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஓர் அதிர்ஷ்டம். உயரம் கூடக் கூடக் குளிரும் கூடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும். குளிரில் பூ மெதுவாகச் சுவாசிக்கும், தன் சேமிப்பை மெதுவாகச் செலவழிக்கும். கள்ளக்குறிச்சியில் இருக்கிற உன் பூவைவிட அவர்கள் பூ கூடுதல் நாள் நிற்கும்.

குழாயைக் கண்ணால் பார்க்க ஆசையா? கண்ணாடி டம்ளரில் பாதித் தண்ணீர் எடு. கேசரிப் பவுடரை அடர்த்தியாகக் கலக்கு. வெள்ளைச் சம்பங்கி ஒன்றை, காம்பை வெட்டிய கையோடு அதில் நிறுத்து. சில மணி நேரம் கழித்து இதழில் நிறம் ஏறுகிறதா என்று பார். பிறகு காம்பைக் குறுக்கே வெட்டினால் நிறப் புள்ளிகள் தெரியும். அவைதான் குழாய்கள்.

இன்னொரு சோதனையையும் நீயே செய். ஒரே செடியில் இரண்டு சாமந்தி வெட்டு. ஒன்றை உடனே தண்ணீரில் வை. இன்னொன்றை ஒரு மணி நேரம் மேசைமேல் போட்டுவிட்டுப் பிறகு வை. எது முதலில் தலை தொங்குகிறது? தேதி போட்டு நோட்டில் எழுதி, உன் அறிவியல் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டு.