உங்களுக்குத் தெரியுமா? அமெரிக்காவில் கூவிய காட்டுக்குயிலு!

மதுரை மக்களே, காலரைக் கொஞ்சம் தூக்கி விட்டுக்கொள்ளுங்கள்! 2007-ல் அமெரிக்காவின் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை, அந்த ஆண்டின் நம்பர் 1 ஆல்பம் என்று எதைச் சொன்னது தெரியுமா? 'கலா'! போட்டவர் லண்டன் ஈழத்தமிழ்ப் பெண் எம்.ஐ.ஏ. இயற்பெயர் மாதங்கி அருள்பிரகாசம்!

அதில் முதல் பாட்டு 'பாம்பூ பாங்கா'. காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். உள்ளே ஓடுவது 'தளபதி' படத்துக் 'காட்டுக்குயிலு'! ஆமாம், ரஜினியும் மம்மூட்டியும் ஆடுவார்களே, அதேதான்! இசை போட்ட இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் அன்றைக்கு மதுரை மாவட்டம். படம் எடுத்த மணிரத்னமோ மதுரையிலேயே பிறந்தவர்! சும்மா விடுவோமா?

அதே பாட்டின் தொடக்கத்தில் 'ரோடு ரன்னர்' என்ற அமெரிக்க ராக் பாட்டும் எட்டிப் பார்க்கிறது. ராஜாவும் ராக்கும் ஒரே தட்டில்!

'தளபதி' என்றதும் இன்னொன்று. 2002-ல் பிடித்த பாட்டு எது என்று பிபிசி உலகம் முழுக்க ஓட்டெடுப்பு நடத்தியது. 'ராக்கம்மா கையத் தட்டு' பிடித்த இடம் 4!

'கலா'வை அமெரிக்காவில் பதிவு செய்யத்தான் எம்.ஐ.ஏ. கிளம்பினார். விசா கிடைக்கவில்லை! விட்டாரா? டிரினிடாட், ஜமைக்கா, ஆஸ்திரேலியா, லைபீரியா என்று ஊர் ஊராக அலைந்து பதிவு செய்தார். நம்ம கோடம்பாக்கத்துக்கும் வந்தார், ஏ.ஆர்.ரஹ்மான் ஸ்டூடியோவுக்கே!

'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' பாட்டுகளில் உறுமி பின்னி எடுக்கிறது! முளைப்பாரி ஊர்வலத்தில் சாமி இறக்கும் அதே உறுமி!

வியாபாரம் எப்படி? முதல் ஆல்பம் 'அருளர்' (2005) அமெரிக்க பில்போர்டு பட்டியலில் எட்டிய உச்சம் 190. 'கலா' வந்த முதல் வாரமே 18! அந்த ஒரு வாரத்தில் மட்டும் 29,000 பிரதிகள்! பின்னர் 5 லட்சத்துக்கான 'கோல்டு' சான்றிதழும் கைக்கு வந்தது. பிரிட்டனில்தான் பாவம், 39-ம் இடம். சொந்த ஊர்க்காரர்களுக்குக் காது கொஞ்சம் மந்தம் போல!

'பேப்பர் பிளேன்ஸ்' கதை இதைவிட ஜோர். ஆல்பம் வெளியாகி ஒரு வருஷம் ஓடிவிட்டது. 'பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்' பட டிரெய்லரில் அந்தப் பாட்டு வந்ததோ இல்லையோ, விறுவிறுவென்று ஏறி 2008-ல் அமெரிக்காவின் 4-ம் இடம்! பாட்டு பிறந்ததே விசா கடுப்பில்தான். அடியில் ஓடுவது 'தி கிளாஷ்' என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 1982 மெட்டு!

2009 பிப்ரவரி 8, கிராமி மேடை. ஜே-ஸி, கான்யே வெஸ்ட், லில் வெய்ன், டி.ஐ. என்று நான்கு ராப் சிங்கங்கள். நடுவில் நிறைமாத வயிற்றோடு எம்.ஐ.ஏ.! டாக்டர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியே அன்றைக்குத்தான்! மூன்றாம் நாள் ஆண் குழந்தை!

அதே மாதம் ஆஸ்கர் போட்டியிலும் பெயர்! 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தில் ரஹ்மானோடு சேர்ந்து செய்த 'ஓ சாயா' பாட்டுக்கு!

2013-ல் வந்த ஆல்பத்துக்குத் தன் பெயரையே வைத்தார், 'மாதங்கி'! நம்ம மீனாட்சியை மாதங்கி என்றும் கும்பிடுகிறோமே! வெளியிட இழுத்தடித்த கம்பெனியிடம், "நானே லீக் செய்துவிடுவேன்" என்று மிரட்டினார். அம்மன் பெயரை வைத்தால் சும்மாவா! அமெரிக்காவில் 23-ம் இடம்!

'அருளர்' அப்பாவின் இயக்கப் பெயர். 'கலா' அம்மாவின் பெயர். 2020 ஜனவரியில் இசைக்காக எம்.பி.இ. என்ற பிரிட்டிஷ் அரச விருதின் பதக்கத்தை இளவரசர் வில்லியம் கையால் வாங்கினார் எம்.ஐ.ஏ. அந்த அரச பதக்கங்களைக் கையால் தைக்கும் வேலையை 30 வருஷத்துக்கும் மேலாகச் செய்தவர் யார் தெரியுமா? அதே கலா அம்மா!